நாலு பக்கமும் அசோகா

றோட்டை அகலமாக்கியபோது எங்கள் வளவின் முன்பகுதி போய்விட்டது. அதுவரை படலைக்கும் விறாந்தைக்கும் இடையில் ஒரு மாமரமும் சில செவ்வரத்தைப் பூச்செடிகளும் நின்றன. வேலை முடிந்து தார் காய்ந்தபோது, றோட்டுக் கரையில் இருந்து ஒரு எட்டு வைத்தால் எங்கள் விறாந்தை என்று ஆகியிருந்தது. ஒட்டுசுட்டானில் இருந்து முல்லைத்தீவுக்குப் போகிற பஸ் எல்லாம் எங்கள் வீட்டுக்குப் பக்கத்து மதகில் வேகத்தைக் குறைக்கும். அந்த நேரத்தில் யன்னலோரம் இருக்கிறவர்கள் என் வீட்டை முழுதாகப் பார்த்துவிடுவார்கள். நான் தலை துவட்டுவது, பிள்ளைக்குச் சோறு தீத்துவது, கொடியில் காயும் உடுப்பு, எல்லாம்.

பஸ்ஸில் போகிறவர்கள் பார்த்தால் பரவாயில்லை, அவர்கள் யாரோ. என் புருஷனின் ஆட்களும் அந்த றோட்டால்தான் போய்வந்தார்கள். அவர்கள் யாழ்ப்பாணத்தில் இருந்து வந்து குளத்துத் திட்டத்தில் வயல் எடுத்துக் குடியேறியவர்கள். என் அப்பா அம்மா மலையகத்தில் இருந்து வந்து, கிளிநொச்சிப் பக்கம் பிறர் காணியில் கூலி வேலை செய்தவர்கள். நானும் அவரும் விரும்பிக் கலியாணம் கட்டினோம். அவருடைய வீட்டார் அதன்பிறகு எங்கள் வாசலை மிதிக்கவில்லை. ஆனால் உழவு மெஷினில் போகும்போது மாமி கழுத்தைத் திருப்பி ஒருமுறை உள்ளே பார்ப்பா. நான் என்ன செய்துகொண்டிருந்தாலும் அந்தப் பார்வையில் கை நின்றுவிடும்.

அப்போது அவர் கட்டாருக்கு வேலைக்குப் போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது. மகள் நடக்கத் தொடங்கிய காலம். போனில் நான்தான் முதலில் கேட்டேன்.

"இஞ்சருங்கோ, முன்னுக்கு ஒரு மறைப்பு வேணும். ஏலாமல் கிடக்கு."

மதில் கட்ட இடமில்லை. றோட்டுக்கு அவ்வளவு கிட்டக் கட்ட விடவும் மாட்டார்கள். தகரம் அடித்தால் கோடையில் வீடு அடுப்பாகிவிடும். முல்லைத்தீவில் றோட்டோரம் கன்றுகள் வைத்து விற்கிற ஒருவரிடம் போனேன். எனக்கு இருக்கும் இடத்தைக் கையை விரித்துக் காட்டினேன். அவர் சிரித்துவிட்டு, ஒரு வரிசையில் நின்ற ஒல்லிக் கன்றுகளைக் காட்டினார். புத்தகத்தில் அதற்கு நெட்டிலிங்கம் என்று பெயர் இருக்கும். எங்கள் பக்கத்தில் எல்லோரும் அசோகா என்றுதான் சொல்வார்கள்.

"வேம்பு வைச்சீங்களெண்டால் கொப்பு வீசும் தங்கச்சி. கறண்ட் கம்பியில முட்டும், பிறகு வந்து வெட்டுவினம். இது பக்கத்துக்குப் போகாது, நேர மேலதான் போகும். இலை கீழ தொங்கிக்கொண்டு நிக்கும், ஆள் தெரியாது. கோடையிலயும் பச்சை மாறாது. தூசியைப் பிடிக்கும், சத்தத்தையும் கொஞ்சம் குறைக்கும். நெருக்கி வையுங்கோ. நுனியை மட்டும் கிள்ளிப்போடாதேங்கோ, வளர்ச்சி நிண்டிடும்."

கன்றுகளை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்து நானே கிடங்கு வெட்டி நட்டேன். மாட்டெரு தந்தது பக்கத்து வீட்டு அக்கா. அவவும் அவவின் புருஷனும் மாடு வளர்த்துப் பால் விற்கிறவர்கள். எங்கள் இரண்டு வளவுக்கும் இடையில் இடுப்பளவு கம்பி வேலிதான். நான் அந்த ஊருக்கு வந்த நாளில் இருந்து எனக்கு உறவு என்று இருந்தது அந்த வேலிக்கு அந்தப் பக்கம்தான். காலையில் தேத்தண்ணிக் கோப்பையோடு அவ அங்கே, நான் இங்கே. கதை முடிய வெயில் ஏறிவிடும்.

கன்றுகள் இரண்டு மாரி மழைக்குள் என் தலையைத் தாண்டின. மூன்றாவதில் யன்னலின் மேல் விளிம்பைத் தாண்டின. அந்த மறைப்பின் சுகத்தைச் சொல்லத்தான் வேண்டும். மணல் ஏற்றிப் போகிற ரிப்பர் லொறிகளின் தூசி வீட்டுக்குள் வருவது நின்றது. முன்பு காலையில் துடைத்த மேசையில் மத்தியானம் விரலால் எழுதலாம். இப்போது தூசி இலையிலேயே தங்கிவிட்டது, மழை வந்து கழுவிக்கொண்டு போனது. விறாந்தையில் வெறும் சட்டையோடு இருந்து மரக்கறி வெட்டலாம் என்று ஆனது. உழவு மெஷின் சத்தம் கேட்டு, வந்து, போய்விடும். என் கை நிற்காது.

அந்த வரிசையை வீடியோ கோலில் அவருக்குக் காட்டினேன். அவர் போனை மெல்ல நகர்த்தச் சொல்லி முழு வரிசையையும் பார்த்தார்.

"நல்ல வடிவா வந்திருக்கு. மேற்குப் பக்கமும் வையும். சோளகம் அடிச்சால் அந்தப் பக்கத் தகரம்தானே கிளம்புறது."

அதுவும் நியாயமாகத்தான் பட்டது. ஆனி ஆடியில் அடிக்கிற அந்தக் காற்றுக்கு எங்கள் கூரையின் மேற்கு ஓரம் ஒவ்வொரு வருஷமும் படபடக்கும். வைத்தேன். மரம் எழும்பிய பிறகு கூரை படபடக்கவில்லை என்பதும் உண்மை. அடுத்த வருஷம் பின்பக்கம் என்றார். பின்னால் வயல், அதற்கு அப்பால் காடு. "இரவில காட்டைப் பார்க்கப் பயமாக் கிடக்கெண்டு நீர்தானே சொன்னனீர்" என்றார். நான் சொன்னதுதான். வைத்தேன்.

நாலாவது பக்கத்துக்கு அவரிடம் காரணம் இருக்கவில்லை.

"மூண்டு பக்கம் வைச்சிட்டு ஒரு பக்கம் வெளியாக் கிடந்தால் நல்லா இல்லை. அந்தப் பக்கமும் வைச்சு, கம்பிக்குத் தகரத்தையும் அடிச்சுவிடும்."

"அது அக்காவின்ர பக்கம்."

"அக்கா வாறதெண்டால் கேற்றால வரலாம்தானே."

நான் மறுத்துச் சொல்லவில்லை. அவர் அனுப்புகிற உழைப்பில் இருக்கிற வளவு, அவருடைய விருப்பம் என்று அந்த நேரம் நினைத்தேன். நான் கிடங்கு வெட்டுவதை அக்கா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்தா.

"என்ன பிள்ளை, என்னைப் பார்க்கக் கூடாதெண்டு வைக்கிறியோ?"

சிரித்தேன். வேறு என்ன செய்வது. அவவும் சிரித்துவிட்டுப் போய், ஒரு கடகத்தில் மாட்டெரு கொண்டுவந்து வேலிக்கு மேலால் தந்தா.

அந்தக் கன்றுகள்தான் மற்ற எல்லாவற்றையும் விட வேகமாக வளர்ந்தன.

அதற்குப் பிறகு வந்த இரண்டு வருஷத்தை எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. ஒன்றும் நடக்கவில்லை. பகலிலும் குசினியில் லைட் போட வேண்டியிருந்தது. காற்று உள்ளே வருவது குறைந்து, நுளம்புக்கடி கூடியது. வானம் கிணற்றடியில் நின்று அண்ணாந்து பார்த்தால் மட்டும் தெரிந்தது. றோட்டில் ஆட்கள் பேசிக்கொண்டு போவது கேட்கும், யாரென்று தெரியாது. பஸ் மதகில் மெதுவாகிப் பிறகு வேகம் எடுப்பதை வைத்து நேரம் சொல்லப் பழகினேன். கேற்றைத் திறந்து வெளியே போகலாம், யாரும் தடுக்கவில்லை. ஆனால் வெளியே போக ஒரு காரணம் வேண்டும் என்ற எண்ணம் எப்படியோ எனக்குள் வந்துவிட்டது. முன்பு அக்காவோடு கதைக்கக் காரணம் தேவைப்படவில்லை. இரண்டு பேரும் அங்கே நின்றோம், கதைத்தோம். இப்போது உடுப்பு மாற்றி, கேற்றைப் பூட்டி, றோட்டால் சுற்றி அவவின் படலைக்குப் போனால், "என்ன பிள்ளை, என்ன விஷயம்?" என்றுதான் அவவும் கேட்டா. விஷயம் ஒன்றும் இருக்காது. அப்படிப் போவதும் குறைந்தது.

அவர் ஒவ்வொரு நாளும் பின்னேரம் கோல் எடுப்பார். மகளோடு கதைப்பார். பிறகு என்னிடம் சொல்வார்: "போனை ஒருக்கால் சுத்திக் காட்டும்." நான் முற்றத்தில் நின்று, போனைக் கையில் பிடித்தபடி மெல்ல ஒரு சுற்றுச் சுற்றுவேன். நாலு பக்கமும் பச்சை. அவர் ஒன்றும் பேசாமல் பார்த்துக்கொண்டிருப்பார். பிறகு, "ஆரும் வந்தவையோ?" என்று கேட்பார். "ஒருத்தரும் வரேல்லை" என்பேன். உண்மையிலேயே ஒருத்தரும் வரவில்லை. ஆனாலும் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும்போது எனக்கு மூச்சு அடைக்கும். மாமி யாரிடமோ, "மகன் அவளை நல்லாப் பூட்டித்தான் வைச்சிருக்கிறான்" என்று சொன்னாவாம். கடைக்குப் போன இடத்தில் எனக்கு அது காதில் விழுந்தது. கோபம் வரவில்லை. சரியாகத்தானே சொல்லியிருக்கிறா என்று நினைத்துக்கொண்டு வந்தேன்.

யானை வந்தது மாசி மாதத்தில், வயலில் நெல்லுச் சூடடிப்பு நடந்துகொண்டிருந்த நாட்களில். வயல்காரர் யானைவெடி போடுகிற சத்தம் அந்த நாட்களில் வழமைதான், அதற்கு நித்திரை கூடக் குழம்பாது. விடிந்த பிறகு குசினிக் கதவைத் திறந்தேன். கிணற்றுக்கும் அசோகா வரிசைக்கும் நடுவில் ஒரு சாம்பல் நிற மதில் நின்றது. மதில் காதை அசைத்தது.

கதவைச் சாத்தினேன். கொளுக்கியைப் போட்டேன். யானைக்குக் கொளுக்கி எதற்கு என்றும் அந்த நேரத்தில் தோன்றியது.

பின்பக்க வரிசையில் ஒரு கன்று பட்டுப்போய் இடைவெளி இருந்தது. அந்த வழியால் வந்திருக்கிறது. பெரிய யானை இல்லை, தந்தமும் இல்லை. ஆனால் எங்கள் கூரையை அதன் முதுகு தொட்டுக்கொண்டிருந்தது. இரவு முழுக்க வயலில் துரத்தப்பட்டு, பச்சையைக் கண்டு காடு என்று நினைத்து உள்ளே வந்திருக்க வேண்டும். இப்போது பின்பக்கம் போகப் பார்த்தால் வயலில் ஆட்கள், முன்பக்கம் போகப் பார்த்தால் இரும்புக் கேற்றும் பஸ் சத்தமும். மற்ற இரண்டு பக்கமும் மரம், அதில் ஒன்றில் தகரமும். யானை நினைத்தால் அந்த மரங்கள் ஒன்றும் பெரிதல்ல, சாய்த்துக்கொண்டு போகலாம். அது அப்படி நினைக்கவில்லை. வீட்டைச் சுற்றிச் சுற்றி நடந்தது. நாங்கள் உள்ளே இருந்து அதன் மூச்சை ஒவ்வொரு யன்னலாகக் கேட்டோம்.

மகளைக் கட்டிலுக்குக் கீழே விட்டுவிட்டு அக்காவுக்குப் போன் எடுத்தேன்.

"அக்கா, யானை."

"எங்க பிள்ளை?"

"எங்கட வளவுக்குள்ள. உங்கட பக்கத்து வேலியோட நிக்குது."

அவ வேலிக்கு ஓடி வருகிற சத்தம் போனில் கேட்டது. பிறகு அவ சொன்னா: "நான் வேலிக்குக் கிட்டத்தான் நிக்கிறன். எனக்கு மரம்தானே பிள்ளை தெரியுது."

அந்தச் சொல்லைக் கேட்டபோதுதான் எனக்கு அது உறைத்தது. யானை என்னைக் கொன்றுபோட்டுப் போனாலும் பத்தடி தூரத்தில் நிற்கிறவர்களுக்குத் தெரியப்போவதில்லை.

அக்காவின் புருஷன் நாலைந்து பேரைக் கூட்டினார். வனஜீவராசி ஆட்களுக்கும் சொன்னார்கள், அவர்கள் வந்துகொண்டிருப்பதாகப் பதில். அதற்குள் றோட்டில் யாரோ அவசரப்பட்டு ஒரு வெடியைக் கொளுத்திப் போட்டார்கள். யானை வெருண்டு பின்னுக்கு வந்தது. கிணற்றடித் தண்ணீர் பீப்பா நசுங்கிய சத்தம் கேட்டது. குசினியின் மூலைச் சுவர் குலுங்கி, அலுமாரியில் இருந்த பாத்திரங்கள் எல்லாம் விழுந்தன. மகள் வீரிட்டாள்.

"வெடி போட வேண்டாமெண்டு சொல்லுங்கோ அக்கா! சுவரில இடிக்குது!"

அவ றோட்டைப் பார்த்துக் கத்துவது போனிலும் கேட்டது, மரத்துக்கு அப்பாலும் கேட்டது. வெடி நின்றது. பிறகு அவ போனில் மெதுவாகப் பேசினா.

"பிள்ளை, அண்ணை சொல்லுறார், எங்கட பக்கம் ரெண்டு மரத்தைத் தறிச்சுவிட்டால் அதுக்கு வழி கிடைக்குமாம். எங்கட பின்வேலியையும் திறந்துவிடுறம், நேர காட்டுக்குப் போயிடும். மாட்டை எல்லாம் முன்னுக்குக் கொண்டுபோட்டம். ஆனா அது எங்க நிக்குதெண்டு எங்களுக்குத் தெரியாது. நீதான் சொல்ல வேணும்."

போனைக் காதில் வைத்துக்கொண்டு நான் யன்னல் யன்னலாகப் போனேன். மேற்கு மூலையில் நிக்குது, இப்ப வெட்டலாம். இஞ்சால வருது, நிப்பாட்டுங்கோ. நிண்டிட்டுது, இலையைப் பிடிச்சு இழுக்குது. இப்ப வெட்டுங்கோ. நான் "வெட்டுங்கோ" என்றால் கோடாலிச் சத்தம் கேட்கும், "நிப்பாட்டுங்கோ" என்றால் நிற்கும். என்னைவிட இரண்டு மடங்கு உயரமான மரங்கள் அவை. முதல் மரம் அவர்களின் பக்கம் சாய்ந்தபோது, தகரம் கிரீச்சிட்டுக்கொண்டு விழுந்தது. யானை காதை விரித்து அசையாமல் நின்றது. இரண்டாவதும் விழ, அந்த இடத்தால் வெயில் ஒரு பாய் விரித்தது போல எங்கள் முற்றத்தில் விழுந்தது. மேற்குப் பக்க மரங்களுக்கு வெளியே நின்று ஆட்கள் தகர டின்னில் மெல்லத் தட்டினார்கள். யானை அந்த வெளிச்சத்துக்குக் கிட்டப் போய், தும்பிக்கையை நீட்டி மோந்து பார்த்தது. பிறகு விழுந்த மரத்துக்கு மேலால் காலைத் தூக்கி வைத்துப் போனது. அக்காவின் வாழைகளை முறித்துக்கொண்டு, பின்வேலியால் இறங்கி, வயல் வரம்பில் ஓடிக் காட்டுக்குள் போய்விட்டது.

அதற்குப் பாவம் பார்க்கும் நிலையில் நான் இருக்கவில்லை. குசினி நிலத்தில் இருந்துவிட்டேன்.

அக்கா அந்த இடைவெளியால் வந்தா. மகளை அணைத்துப் பிடித்துக்கொண்டு சுற்றிப் பார்த்தா. யானை செய்த சேதத்தைப் பார்க்கிறா என்றுதான் நினைத்தேன்.

"என்ன பிள்ளை, உள்ள இப்பிடி இருட்டோ?" என்றா. "நான் இதை நினைக்கவே இல்லையே."

நான் அழத் தொடங்கினேன். பயத்தில் அழுகிறேன் என்று நினைத்து வந்தவர்கள் தண்ணீர் தந்தார்கள்.

பின்னேரம் அவருடைய கோல் வந்தது. எல்லாம் சொன்னேன். "பிள்ளைக்கு ஒண்டும் இல்லையே? உமக்கு?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். பிறகு, "அந்த இடத்தில ரெண்டு கண்டு வாங்கி வையும்" என்றார்.

"வைக்கமாட்டன்."

"ஏன்?"

"வைக்கமாட்டன். அவ்வளவுதான்."

அவர் கோலை வைத்துவிட்டார். அடுத்த சில நாட்கள் மகளோடு மட்டும் கதைத்தார். நானும் கேட்கவில்லை. அக்காவின் முறிந்த வாழைகளை வெட்டித் துப்புரவாக்க நான் அந்த இடைவெளியால் போய் வந்துகொண்டிருந்தேன்.

அந்த வருஷம் ஆவணியில் அவர் லீவில் வந்தார். முதல் லீவில் வந்துபோய் நாலு வருஷத்துக்குப் பிறகு. மெலிந்திருந்தார். வந்த நாளில் இருந்து ஒரு கதிரையைக் கொண்டுபோய்ப் பின்பக்க வரிசைக்குக் கீழே போட்டுக்கொண்டு இருந்தார். கோயிலுக்கும் வரவில்லை, தாய் தகப்பனைப் பார்க்கவும் போகவில்லை. கூப்பிட்டால் வந்து சாப்பிடுவார், திரும்பவும் அங்கே போய்விடுவார். ஒரு நாள் எனக்குப் பொறுக்கவில்லை.

"இதுக்குள்ள அப்பிடி என்ன கிடக்கெண்டு இருக்கிறியள்? நான் இதுக்குள்ள கிடந்து சாகிறன், நீங்கள் இதைப் பார்க்கவோ வந்தனீங்கள்?"

அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"நான் இருக்கிற அறைக்கு யன்னல் இல்லை. கட்டிலுக்கு மேல கட்டில், எட்டுப் பேர். வெளியில வந்தாலும் மண்ணும் அதே மாதிரி அறையளும்தான். நீர் போனைச் சுத்திக் காட்டேக்க மட்டும்தான் நான் பச்சையைப் பார்க்கிறது. ஒரு பக்கம் றோட்டோ வேலியோ தெரிஞ்சால், உடன எனக்கு நான் அங்க இல்லை எண்டது ஞாபகம் வரும். நாலு பக்கமும் மரமா இருந்தால் கொஞ்ச நேரம் உள்ள நிக்கிற மாதிரி இருக்கும்."

நான் அவருக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்தேன். இத்தனை நாளும் அவர் என்னைக் காவல் பார்க்கிறார் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். "ஆரும் வந்தவையோ" என்று கேட்டது பற்றிச் சொன்னேன். அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"அம்மா வந்தவாவோ எண்டு கேட்கிறனான். ஒருநாளைக்காவது வருவா எண்டு நினைச்சன்."

"அதை அப்பிடிக் கேட்டிருக்கலாமே."

அவர் விழுந்து கிடந்த ஒரு இலையை எடுத்து மடித்தார். ஆனால் அவருடைய துக்கம் தெரிந்ததால் என் மூச்சடைப்பு போய்விடவில்லை. அதைச் சொன்னேன். "உங்களுக்கு நாளுக்கு ஒருக்கால் பார்க்க இது நல்லா இருக்கும். நான் இதுக்குள்ள இருந்து சமைக்கிறன், குளிக்கிறன், படுக்கிறன். வெளியால ஆர் போகினம் எண்டு எனக்குத் தெரியாது."

"எனக்கு அது விளங்கேல்லை" என்றார். கதிரையை விட்டு எழும்பிக்கொண்டு, "இப்பவும் வடிவா விளங்கேல்லை. ஆனா நீர் சொல்லுறீர்" என்றார்.

லீவு முடிவதற்குள் அவரே அக்காவின் பக்கம் இன்னும் சில மரங்களைத் தறித்தார். அந்தத் தடிகளில் இடைவெளிக்கு ஒரு சின்னப் படலை செய்து போட்டார். முன்வரிசையில் நான் கை வைக்க விடவில்லை, தூசிக்கு அது வேண்டும். மேற்குப் பக்கத்தையும் காற்றுக்காக விட்டோம். பின்பக்கத்தை வெட்டுவோமா என்று கேட்டார். அவர் கதிரை போட்டிருந்த இடத்தைப் பார்த்துவிட்டு, வேண்டாம் என்றேன்.

ஆவணி முடிய அவர் திரும்பிப் போனார். ஒப்பந்தம் முடிந்ததும் வந்துவிடுவேன் என்றார். பிறகு அதை நீட்டித்தார்கள். இப்போது நான் காலையில் அக்காவின் மாட்டுக் கொட்டிலில் பால் கறக்கிறேன், மகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டுச் சைக்கிளில் பால் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். மாமியின் வீட்டுப் படலையைக் கடந்துதான் போக வேண்டும். அவ முற்றத்தில் நின்றால் நான் பெல் அடிப்பேன். அவ இதுவரை திரும்பிப் பார்த்ததில்லை.

வெயில் ஏறுவதற்குள் வீட்டுக்கு வந்துவிடுவேன். அக்கா மத்தியானத்தில் படுத்துவிடுவா. மகள் பள்ளிக்கூடம் விட்டு வரும்வரை நான் தனியத்தான். அந்த நேரத்தில், பின்வரிசையின் நிழலில், இப்போதும் குசினியில் லைட் போடத்தான் வேண்டியிருக்கிறது.